லீஸ் ரினியூவல் கடிதம் வந்தவுடன் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்

வட கரோலினாவில், முக்கியமாக கேரி, மோரிஸ்வில் பக்கம் பெரிய அபார்ட்மென்ட் வளாகங்களில் வாடகைக்கு இருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறு மாநிலங்களில் இருப்பவர்களும் படியுங்கள். எங்கள் வளாகத்தை நடத்தும் நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை.

எங்களுடையது இரண்டு படுக்கையறை வீடு. மாதம் 1,612 டாலர் கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு நாள்கூட தாமதமானதில்லை. லீஸ் முடியப்போகிறது என்று வந்த கடிதத்தில் ஒரு வாடகைக்குப் பதில் ஒரு பட்டியலே இருந்தது. 9 மாதத்துக்கு என்றால் 1,961. 12 மாதத்துக்கு 1,894. 13 மாதத்துக்கு 1,837. 15 மாதத்துக்கு மறுபடியும் ஏறி 1,872. மனிதர் யாரும் உட்கார்ந்து யோசித்து இப்படி வாடகை சொல்லமாட்டார். எல்லாவற்றுக்கும் காரணமாக அடியில் ஒரே வரி: சந்தை நிலவரப்படி.

லீசிங் ஆபீசில் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். விலையை நாங்கள் வைப்பதில்லை, சிஸ்டம் தருகிறது, தினமும் மாறும் என்றார். குறைக்க முடியுமா என்றால், அதற்கு மேலிடத்துக்குக் காரணம் எழுதி அனுப்ப வேண்டும், அவர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வதில்லை என்றார். மாதக் கணக்கு மாறும்போது விலை ஏன் ஏறி இறங்குகிறது என்றும் கேட்டேன். ஒரே சமயத்தில் பல வீடுகள் காலியாகாதபடி சிஸ்டம் பார்த்துக்கொள்கிறதாம். நிறைய வீடுகள் ஒன்றாகக் காலியானால் விலையைக் குறைக்க வேண்டிவரும் அல்லவா? அது நடக்கவிடாமல் செய்வதுதான் அந்தப் பட்டியலின் வேலை.

அதே வாரம் அவர்களுடைய இணையதளத்தில் எங்கள் கட்டடத்திலேயே, எங்கள் வீட்டின் அதே அளவில் ஒரு காலி வீடு 1,695 டாலருக்குப் போட்டிருந்தது. அதில் குடிவந்த கோயம்புத்தூர்த் தம்பி படிக்கட்டில் பார்த்தபோது, "அண்ணா, எனக்கு முதல் மாசம் வாடகையே வேண்டாம்னுட்டாங்க, உங்களுக்கு எவ்ளோண்ணா?" என்று கேட்டார். நான் சொன்னதும் அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. வருஷக்கணக்காக ஒழுங்காகக் கட்டுகிறவனுக்குக் கூடுதல் விலை, புதிதாக வருகிறவருக்குச் சலுகை. மகளின் பள்ளி எல்லை, மூவிங் டிரக் செலவு, புது டெபாசிட் எல்லாம் சேர்ந்து நாங்கள் நகர மாட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியும். கடைசியில் 13 மாத லீஸில்தான் கையெழுத்துப் போட்டோம். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

எங்கள் வளாகம் எந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறது என்பதை எவ்வளவு கேட்டும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் இப்படி விலை சொல்லும் மென்பொருள்களைப் பற்றி மாநிலங்கள் தொடுத்திருக்கும் வழக்கை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 2022 அக்டோபரில் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் ரியல்பேஜ் என்ற டெக்சாஸ் நிறுவனத்தின் வாடகை மென்பொருளைப் பற்றி விரிவாக எழுதியது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க மத்திய அரசின் நீதித்துறையும் (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) 8 மாநிலங்களும் சேர்ந்து அந்த நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டன. வழக்கு பதிவானது எங்கள் வட கரோலினாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில். அப்போது இங்கே அட்டர்னி ஜெனரலாக, அதாவது மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியாக, இருந்த ஜாஷ் ஸ்டைன் இன்று ஆளுநர். 2025 ஜனவரியில் பெரிய வாடகை நிறுவனங்கள் ஆறையும் வழக்கில் சேர்த்தார்கள். இல்லினாய், மாசசூசெட்ஸ் மாநிலங்களும் கூடவே வந்தன.

குற்றச்சாட்டு இதுதான். போட்டியாளர்களான வீட்டு நிறுவனங்கள் தங்கள் உண்மையான வாடகை, லீஸ் காலம், எத்தனை வீடு காலி போன்ற ரகசியத் தகவல்களை ஒரே மென்பொருளுக்குத் தருகின்றன. அது எல்லாவற்றையும் அலசி ஒவ்வொருவருக்கும் விலை சொல்கிறது. கோயம்பேட்டில் வெங்காய வியாபாரிகள் எல்லோரும் தங்கள் கையிருப்புக் கணக்கை ஒரே தரகரிடம் கொடுத்துவிட்டு, அவர் சொல்லும் விலைக்கே விற்றால் எப்படி இருக்கும்? அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவே தேவையில்லை. பரிந்துரையைத் தானாகவே ஏற்கும் வசதியும் அந்த மென்பொருளில் உண்டு. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது வழக்கு மனு. இதைப் படித்தபோது லீசிங் ஆபீஸ் பெண் சொன்னது அப்படியே காதில் விழுந்தது. தாங்கள் தவறு எதுவும் செய்யவில்லை என்பது ரியல்பேஜின் வாதம்.

இங்கே ஆன்டிடிரஸ்ட் வழக்கு, அதாவது போட்டியாளர்கள் கூட்டுச் சேர்வதற்கு எதிரான வழக்கு, ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வட கரோலினாவில் நகராட்சிகள் வாடகைக்கு உச்சவரம்பு வைக்க மாநிலச் சட்டமே இடம் தரவில்லை. வாடகை 17 சதவீதம் ஏறினாலும் அது மட்டுமே குற்றமாகாது. போட்டியாளர்கள் கூட்டுச் சேர்ந்து ஏற்றினால்தான் சட்டம் உள்ளே வரும். அந்தக் கதவைத் தட்டக்கூடியவர்களில் முக்கியமானவர் மாநில அட்டர்னி ஜெனரல்.

2025 நவம்பரில், வழக்கில் சேர்க்கப்பட்ட அந்த ஆறில் ஒன்றான கிரேஸ்டார் நிறுவனம் வட கரோலினா உட்பட 9 மாநிலங்களோடு 7 மில்லியன் டாலருக்குச் செட்டில்மென்ட் செய்துகொண்டது. அந்த நிறுவனம் நாடு முழுக்க நிர்வகிப்பது ஏறத்தாழ 9,50,000 வீடுகள். கணக்குப் போட்டால் வீட்டுக்கு 8 டாலர்கூட வராது. பணத்தைப் பார்த்தால் இது பெரிய தண்டனை இல்லை என்றே சொல்வேன். ஆனால் போட்டியாளர்களின் ரகசியத் தகவலை வைத்து விலை போடும் மென்பொருளை இனிப் பயன்படுத்தமாட்டோம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்களே, அதற்குத்தான் மதிப்பு. அடுத்த ரினியூவல் கடிதத்தில் வரும் எண்ணை மாற்றக்கூடியது அந்த வாக்குறுதிதான். அதே மாதம் நீதித்துறையோடு ரியல்பேஜ் முன்வைத்த சமரசத்தில் அபராதமே இல்லை. வெளியே தெரியாத தகவல்களை வைத்து மென்பொருளைப் பழக்குவதென்றால் அவை குறைந்தது 12 மாதம் பழையதாக இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. எனக்கு அது போதவில்லை. பழைய தகவலானாலும் போட்டியாளரின் தகவல் தானே?

வாடகைதாரர்கள் தாங்களே தொடுத்த கூட்டு வழக்கு நாஷ்வில் நீதிமன்றத்தில் தனியாக நடக்கிறது. அதில் பல நிறுவனங்களின் செட்டில்மென்ட் சேர்ந்து 141 மில்லியன் டாலரைத் தாண்டியிருக்கிறது. கிரேஸ்டாரின் பங்கு மட்டும் 50 மில்லியன். இந்தப் பணத்தை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது மெசேஜ் அனுப்பினால் நம்பாதீர்கள். கிளெய்ம் போட யாருக்கும் பணம் தரத் தேவையில்லை.

கடிதம் வந்தால் முதலில் அதே வளாகத்தின் இணையதளத்தில் உங்கள் வீட்டைப் போன்ற காலி வீட்டின் விலையைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சலுகை ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். விலையை மென்பொருள் போடுகிறதா, அதன் பெயர் என்ன என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கேட்டால் பதிவு இருக்காது. பட்டியலில் எல்லா மாதங்களுக்கும் விலை கேட்டு வாங்குங்கள். எங்கள் விஷயத்தில் 12 மாதத்துக்கும் 13 மாதத்துக்கும் நடுவே மாதம் 57 டாலர் வித்தியாசம் இருந்தது. பிறகு மாநில அட்டர்னி ஜெனரல் இணையதளத்தில் நுகர்வோர் புகார் கொடுங்கள். செலவில்லை. விசாவில் இருக்கிறோமே, வம்பு எதற்கு என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். வாடகைதாரராகப் புகார் கொடுப்பதற்கும் விசாவுக்கும் சம்பந்தமில்லை. நான் கடிதம், ஸ்கிரீன்ஷாட், மின்னஞ்சல் மூன்றையும் இணைத்துப் புகார் அனுப்பிவிட்டேன். உங்கள் வளாகத்திலும் இப்படிப் பட்டியல் வந்திருந்தால் நீங்களும் அனுப்புங்கள். படிவம் நிரப்ப உதவி வேண்டுமானால் எனக்கு எழுதுங்கள், கூட உட்கார்ந்து செய்து தருகிறேன்.