காரைக்குடிப் பகுதியில் சர்வர் வைத்திருப்போர் கவனத்திற்கு: நல்ல டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புதிய டிஸ்க்குக்குப் பில் போடுகிறார்கள்

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டில் இருக்கும் பர்மா காலத்துப் பேரேடுகளையும் கடிதங்களையும் ஸ்கேன் செய்து வைப்பதற்காக, காரைக்குடியில் உள்ள ஒரு கணினிக் கடையிடம் சர்வர் வாங்கினோம். 4 டிபி டிஸ்க்குகள் நான்கைச் சேர்த்து, இசட்எஃப்எஸ் என்ற சேமிப்பு மென்பொருளில் ரெய்டு-இசட்1 என்ற வகைப் பூல் (பல டிஸ்க்குகளை ஒரே சேமிப்பிடமாக இணைக்கும் தொகுப்பு) அமைத்துத் தந்தார்கள். ஒரு டிஸ்க் பழுதானாலும் தரவு போகாத அமைப்பு என்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டிஸ்க்குகளை எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb), எஸ்டிசி (sdc), எஸ்டிடி (sdd) என்ற பெயர்களிலேயே பூலில் சேர்த்திருந்தார்கள்.

இவை டிஸ்க்குக்கு உரிய பெயர்கள் அல்ல. சர்வர் துவங்கும்போது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் கண்டறியும் வரிசைப்படி கொடுப்பவை, அடுத்த முறை மாறிவிடக்கூடியவை. எங்கள் ஊரில் வீட்டை விலாசம் சொல்லித்தான் காட்டுவோம், தெருவில் நாலாவது வீடு என்று பத்திரத்தில் எழுதுவதில்லை. டிஸ்க்கின் விலாசம் பை-ஐடி (by-id) என்ற அடைவில் (ஃபோல்டரில்) இருக்கிறது. அங்குள்ள பெயரில் டிஸ்க்கின் மாடலும் சீரியல் எண்ணும் சேர்ந்தே வருவதால், கேபிளை எந்த போர்ட்டில் மாற்றிச் செருகினாலும் அது மாறாது.

பின்னர் அதே கடை 1 டிபி எஸ்எஸ்டி ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தியது. சர்வர் மறுபடி துவங்கியபோது எஸ்டிடி என்ற பெயர் அந்த எஸ்எஸ்டிக்குப் போய்விட, எங்கள் நான்காவது டிஸ்க் எஸ்டிஇ ஆகிவிட்டது. பூல், எஸ்டிடியைக் காணவில்லை என்று காட்டியது. பார்க்க வந்தவர், "அண்ணே, நாலாவது டிஸ்க் போயிருச்சு, இன்னைக்கே மாத்திருவோம்" என்றார். அப்போது அவர் திறந்து வைத்திருந்த பட்டியலிலேயே எஸ்டிடிக்கு நேராக 931.5 ஜி (1 டிபி டிஸ்க்கின் அளவு) என்றும், மற்ற நான்குக்கும் 3.6 டி (4 டிபி டிஸ்க்கின் அளவு) என்றும் தெளிவாக இருந்தது. அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் போதும்.

அவர் டிஸ்க் வைக்கும் நான்காவது டிரேயைக் கழற்றிப் புதிய டிஸ்க்கைப் போட்டார். புதிய டிஸ்க்கில் தரவை மீண்டும் எழுதும் மறுகட்டமைப்பு முடியும்வரை இன்னொரு டிஸ்க் பழுதாகியிருந்தால் பேரேடுகளின் கதி என்னவாகியிருக்கும் என்பதை எண்ணவே அச்சமாக இருக்கிறது. டிஸ்க்குக்கும் வேலைக்கும் பில் வந்தது. பழைய டிஸ்க்கைக் கழிவுக்கு எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். நாங்கள் கொடுக்கவில்லை. வேறொரு கணினியில் இணைத்துப் பார்த்தபோது, டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையில், பழுதானதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார் (தரவு எழுதும் சிறு பகுதி) ஒன்றுகூட இல்லை. எங்கள் பூலின் பெயருடன் டிஸ்க்குக்குள் எழுதப்பட்டிருந்த லேபிளும் அப்படியே இருந்தது. கடையில் கேட்டதற்கு, "இப்பத்தான் எல்லாம் ஓடுதே" என்பதே பதில். பணம் திரும்ப வரவில்லை.

இதே கடை தேவகோட்டை, கோட்டையூர்ப் பக்கமும் சர்வர் அமைத்திருப்பதாகக் கேள்வி. உங்கள் பூலின் நிலை அறிக்கையில் எஸ்டிஏ, எஸ்டிபி என்று இருந்தால், பூலை எக்ஸ்போர்ட் செய்து (சர்வரிலிருந்து தற்காலிகமாக விடுவித்து), பை-ஐடி அடைவைச் சுட்டி மீண்டும் இம்போர்ட் செய்தால் (இணைத்தால்) போதும். தரவில் கை வைக்க வேண்டியதில்லை, இதற்கெனத் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். டிஸ்க்குகளைத் தொகுக்கும் லினக்ஸின் இன்னொரு முறையான எல்விஎம் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இப்படி வராது, ஏனெனில் அது டிஸ்க்கில் எழுதிய யூயூஐடி என்ற தனி அடையாள எண்ணை வைத்தே தேடுகிறது. எனினும் பட்டியலில் எஸ்டி பெயரையே காட்டுவதால், அதை நம்பி டிரேயைக் கழற்றுபவர் அங்கும் தவறான டிஸ்க்கை எடுக்கக்கூடும். எதைக் கழற்றுவதானாலும் திரையில் உள்ள சீரியல் எண்ணும் டிஸ்க்கின் ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் ஒன்றா என்று உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். பில்லிலும் அந்த எண்ணை எழுதி வாங்குங்கள்.