விண்மீன் கொத்து பார்க்க 10×50 பைனாகுலர்: கொழும்பு வானத்துக்குப் போதுமா?

10×50 என்றால் 10 மடங்கு பெரிதாக்கம், 50 மி.மீ. முன்வில்லை. கொத்துகளைப் பார்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் தயங்க வேண்டாம். ஆனால் எல்லா விண்மீன் கூட்டமும் கொத்தல்ல: ஓரியன் வெறும் விண்மீன் குழாம், அதாவது நாம் கற்பனையில் இணைத்துப் பார்க்கும் உருவம். அதன் விண்மீன்கள் வெவ்வேறு தொலைவில் இருப்பவை. கொத்து என்பது ஈர்ப்பால் பிணைந்த கூட்டம். 440 ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள கார்த்திகை ஒரு திறந்த கொத்து, அதாவது விண்மீன்கள் தளர்வாகப் பரவிய கொத்து: வெறுங்கண்ணுக்கு ஆறேழு, பைனாகுலரில் பல பத்து விண்மீன்கள். அருமையான காட்சி!

பந்துபோல் நெருக்கமாகத் திரண்ட கோளக் கொத்தில்தான் குறை. மே மாத இரவில் ஒமேகா சென்டாரி என்ற கோளக் கொத்து வெள்ளவத்தை மொட்டைமாடிக்குத் தெற்கே 35 பாகை உயரம் வரை ஏறும்; ஆனாலும் நகர வெளிச்சத்தில் மங்கலான பஞ்சுப் பொட்டுத்தான். தனி விண்மீன்களாகப் பிரித்துப் பார்க்க 6 அங்குல விட்டமுள்ள தொலைநோக்கி வேண்டும்.

10 மடங்கில் கைநடுக்கமும் பெருகும்; முக்காலி பூட்டும் துளை உள்ளதையே எடுங்கள். கடற்காற்றின் ஈரத்தில் வில்லையில் பூஞ்சை பிடிக்கும், சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.