கிளிச்கோ – ஃப்யூரி சண்டையின் முழுப் பதிவு: ஹைலைட்ஸில் கிடைக்காதது இதில் இருக்கிறது

2015 நவம்பர் 28 அன்று ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் உலக சாம்பியன் விளாடிமிர் கிளிச்கோவும் டைசன் ஃப்யூரியும் மோதிய ஹெவிவெயிட் சண்டை, நான் சந்தா கட்டும் விளையாட்டுச் செயலியில் முழுசாகக் கிடைக்கிறது. பன்னிரண்டு ரவுண்டு, இடைவேளைகள், தீர்ப்பு எல்லாம் வெட்டாமல் இருக்கிறது. இதை அலுப்பான சண்டை என்று சொல்லாத ஆள் குறைவு. பாக்ஸிங் கற்பவர்களும் கற்றுக்கொடுப்பவர்களும் அந்தப் பேச்சைக் கேட்டு இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். ராயபுரம் பக்கம் மாலையில் பையன்களுக்கு பாக்ஸிங் சொல்லித் தருகிறவன் நான். என் கணக்கில், பாடமாகப் போட்டுக் காட்டுவதற்கு இதைவிட நல்ல பதிவு அந்தச் செயலியில் இல்லை.

ஐந்து நிமிட ஹைலைட்ஸ் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. ஆனால் ஹைலைட்ஸ் என்பது விழுந்த குத்துகளின் தொகுப்பு. இந்தச் சண்டையின் விஷயமே விழாத குத்துகள்தான். ஒரு சாம்பியன் முப்பத்தாறு நிமிடம் ரிங்கில் நிற்கிறார், குத்துவதற்குக் கை வரவில்லை. அதை எந்த எடிட்டராலும் வெட்டி எடுத்துக் காட்ட முடியாது. முழுசாக உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

எண்ணிக்கையைப் பாருங்கள். குத்துகளை எண்ணும் கம்ப்யூபாக்ஸ் நிறுவனத்தின் கணக்குப்படி கிளிச்கோ வீசிய குத்துகள் 231, பட்டவை 52. பன்னிரண்டு ரவுண்டுக்கு 52 என்றால் ரவுண்டுக்கு நாலு, சில சமயம் ஐந்து. ஃப்யூரி வீசியவை 371, பட்டவை 86. அதுவும் அப்படி ஒன்றும் பெரிய எண்ணிக்கை இல்லை. நடுவர்கள் மூவரும் ஃப்யூரிக்கே கொடுத்தார்கள்: 115–112, 115–112, 116–111. பதினோராவது ரவுண்டில் பின்தலையில் குத்தியதற்காக ஃப்யூரிக்கு ஒரு பாயின்ட் வெட்டப்பட்டும் இந்த நிலவரம்.

அப்போது கிளிச்கோவுக்கு வயது 39. 2004-க்குப் பிறகு தோல்வியே கிடையாது. 2006-இலிருந்து உலகப் பட்டம் கையில். ஃப்யூரிக்கு 27. 'கிழவனாகிட்டாரு, அதான் கை வரல' என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் உண்டு. பாதிதான் சரி.

கிளிச்கோ பிறவியிலேயே எச்சரிக்கைக்காரர் இல்லை. இளமையில் பாய்ந்து பாய்ந்து அடித்தவர். அதற்கு விலையும் கொடுத்தார். 1998-இல் கீவில் ராஸ் பியூரிட்டியிடம் மூச்சு தீர்ந்து தோற்றார். 2003-இல் ஹானோவரில் கோரி சாண்டர்ஸ் இரண்டே ரவுண்டில் முடித்தார். 2004-இல் லாஸ் வேகாஸில் லேமன் ப்ரூஸ்டரிடம் ஐந்தாவது ரவுண்டில் விழுந்தார். அந்த ப்ரூஸ்டர் சண்டையிலிருந்து அவருக்கு டிரெய்னர் இமானுவல் ஸ்டூவர்ட், டெட்ராய்ட் க்ராங்க் ஜிம்மின் மாஸ்டர். உயரமான ஆள் உயரத்தை வைத்துத்தான் சண்டை போட வேண்டும் என்று அவரை முழுசாக மாற்றியவர். இடது கையை நீட்டி தூரத்தை அள. ஜேப், அதாவது அந்த நீட்டிய கையின் நேர்க்குத்து, பட்டால் மட்டும் வலது கையை அனுப்பு. எதிராளி கிட்டே வந்தால் கட்டிப்பிடித்து மேலே சாய்ந்து அவன் கால் பலத்தைக் குடி. ஆபத்தில்லை என்று உறுதியானால் மட்டுமே குத்து. பார்க்க அழகில்லாத முறைதான். ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் ஒருவராலும் உடைக்க முடியவில்லை.

இதை மனதில் வைத்துக்கொண்டு டுசல்டார்ஃப் பதிவைப் பாருங்கள். கிளிச்கோவின் இடது கையை மட்டும் கவனித்தால் போதும். முதல் ரவுண்டிலிருந்தே அது ஃப்யூரியின் கிளவுஸைத் தேடிப் போகிறது, தொட்டுப் பார்க்கிறது, பிறகு திரும்பி வந்துவிடுகிறது. வழக்கமாக அந்தத் தொடுகைக்குப் பின்னால் பக்கவாட்டில் வளைந்து வரும் ஒரு ஹூக்கோ வலது கையோ வரும். இங்கே வராது. ஏனென்றால் தொட்ட இடத்தில் ஆள் இல்லை. ஃப்யூரி இடுப்பிலிருந்து பின்னால் சாய்ந்திருப்பார், இல்லை இடது பக்கம் நகர்ந்திருப்பார், இல்லை நிலையையே மாற்றி இடதுகைக்காரராக நிற்பார். கிளிச்கோ 198 செ.மீ., ஃப்யூரி 206 செ.மீ. கை எட்டும் தூரத்திலும் ஃப்யூரிக்குப் பத்து செ.மீ. கூடுதல். ஜேப் எட்டவில்லை என்றால் ஸ்டூவர்ட் கற்றுக்கொடுத்த முழு வரிசையும் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது.

உயரம் மட்டும் காரணம் என்றும் சொல்ல முடியாது. 2012-இல் ஹாம்பர்க்கில் மரியுஸ் வாக் என்ற போலந்துக்காரரோடு கிளிச்கோ மோதினார். அவரும் இவரைவிட உயரம். அவரைப் பன்னிரண்டு ரவுண்டும் ஜேப்பிலேயே ஜெயித்தார். வாக் எதிரே நின்று வாங்கிக்கொண்டார், ஃப்யூரி நிற்கவே இல்லை. அதுதான் வித்தியாசம்.

எங்கள் பையன்களுக்கு இதைப் போட்டபோது நாலாவது ரவுண்டிலேயே ஒருவன் கேட்டான்: "ஏன் மாஸ்டர் இவரு அடிக்கவே மாட்டேங்கிறாரு? பயமா?" வீடியோவை நிறுத்தி, பத்து விநாடி பின்னால் தள்ளி, வேகத்தைக் குறைத்துப் போட்டேன். ஃப்யூரி தோளை ஒரு குலுக்குக் குலுக்கிப் பாவ்லா காட்டுகிறார். கிளிச்கோவின் வலது கை கன்னத்துக்கு ஏறுகிறது, பின்னங்கால் அரையடி நகர்கிறது. அடுத்த பாவ்லா இடுப்பில். மறுபடி கால் நகர்கிறது. அடிக்க வேண்டுமென்றால் இரண்டு காலும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும், ஊன்றவே விடவில்லை. "இப்ப புரியுதா? ஒவ்வொரு தடவையும் அவர் புதுசா நிக்க வேண்டியிருக்கு" என்றேன். அவனே மீதி ரவுண்டுகளில் பாவ்லாக்களை எண்ண ஆரம்பித்துவிட்டான். ஹைலைட்ஸில் இப்படி உட்கார்ந்து எண்ண முடியுமா?

வயது எங்கே வருகிறதென்றால் இங்கேதான். எதிராளியின் தடுப்பில் ஓட்டை தெரிவதற்கும் நம் கை கிளம்புவதற்கும் நடுவில் இருக்கிற அந்தக் கண்ணிமைப்பு வயதாக ஆக நீள்கிறது. நாற்பது தாண்டிய எனக்கு அது உடம்பிலேயே தெரியும். ஸ்பாரிங்கில் (பயிற்சிச் சண்டையில்) பையனின் கார்டு, அதாவது முகத்தை மறைக்கும் கைகள், திறப்பது கண்ணுக்கு நன்றாகப் படும், தோள் கிளம்புவதற்குள் மூடிவிடும். இருபது வயதில் தாமதமாகப் போனாலும் பரவாயில்லை என்று கை போய்விடும். அனுபவசாலிக்கு, தாமதமான குத்துக்கு என்ன பதில் வரும் என்று முன்கூட்டியே தெரியும். அதுவும் மூன்று சண்டைகளில் பாதியிலேயே முடிக்கப்பட்டுத் தோற்ற உடம்புக்கு நன்றாகவே தெரியும். ஹெவிவெயிட்டில் எதிரே 112 கிலோ நிற்கிறது, ஒரு கவுன்ட்டர், அதாவது பதில் குத்து, போதும். ஆகவே கிளிச்கோ இன்னும் கொஞ்சம் நல்ல வாய்ப்புக்காகக் காத்திருக்கிறார். அது வருவதில்லை. இன்னொரு ரவுண்டு போகிறது. இதைக் கோழைத்தனம் என்று எழுதியவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. அவரைப் பத்து வருஷம் காப்பாற்றிய அறிவுதான் அன்று அவர் கையைப் பிடித்து வைத்தது.

ஐந்தாவது ரவுண்டில் தலைகள் மோதி கிளிச்கோவின் கன்னம் கிழிகிறது. அதன் பிறகு இடைவேளையில் டிரெய்னர் நிற்கும் மூலையில் உட்காரும்போது முகத்தில் குழப்பம் தெரியும். ஸ்டூவர்ட் 2012-இல் இறந்துவிட்டார். இப்போது மூலையில் இருப்பவர் ஜோனத்தன் பேங்க்ஸ். ஸ்டூவர்ட் இருந்திருந்தால் கத்தியாவது கையை வீச வைத்திருப்பார் என்பது என் எண்ணம். பன்னிரண்டாவது ரவுண்டில் திடீரென்று வலது கை வருகிறது, படவும் செய்கிறது. அதைப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கும். அந்தக் கை முழு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறது.

பதிவின் தரம் பற்றி: படம் தெளிவு, என் பழைய டிவியிலேயே கால்கள் வரை தெரிகிறது. ஆங்கில வர்ணனை மட்டும்தான். 'போரடிக்கிறது' என்ற தொனி வர்ணனையில் ஓடிக்கொண்டே இருப்பதால் பையன்களுக்கு ஒலியைக் குறைத்துத்தான் போட்டேன். இடைவேளையில் ரீப்ளே வந்து மூலைப் பேச்சை மறைத்துவிடுவது பெரிய குறை. சண்டைக்கு முன் ரிங் தரை மெத்து மெத்தென்று இருக்கிறது என்று ஃப்யூரி தரப்பு சண்டை பிடித்து, கூடுதலாகப் போட்டிருந்த ஓர் அடுக்கை எடுக்க வைத்தார்கள். நகர்ந்து நகர்ந்து ஆடுபவனுக்கு அது உயிர் போகும் விஷயம், அதைக் காட்டும் காட்சி இந்தப் பதிவில் இல்லை. சேர்த்திருக்கலாம். ரவுண்டு ரவுண்டாகத் தாவும் வசதி இருப்பது நல்லது. மெதுவாக ஓட்டும் வசதி இன்னும் நல்லது.

இதைப் பார்த்த கையோடு 2017 ஏப்ரல் 29 லண்டன் வெம்ப்ளி சண்டையையும் பாருங்கள், அதே செயலியில் இருக்கிறது. அந்தோணி ஜோஷுவா, எதிரே 41 வயது கிளிச்கோ. வயதுதான் முழுக் காரணம் என்றால் இன்னும் மோசமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கை வருகிறது! ஜோஷுவா நேராக வருகிறார், பாவ்லா குறைவு. தூரம் பிடிபடுகிறது, குத்தும் வருகிறது. ஐந்தாவது ரவுண்டில் விழுந்து எழுந்த கிளிச்கோ, ஆறாவதில் வலது கையால் ஜோஷுவாவை வீழ்த்துகிறார். ஜோஷுவா எழுந்து நிற்கிறார், கால் தள்ளாடுகிறது. அந்த இடத்தில் கிளிச்கோ பாயவில்லை. பழைய பழக்கம், ஜேப் வைத்து அளக்கிறார், நேரம் இருக்கிறது என்று நினைக்கிற மாதிரி. நேரம் இல்லை. பதினோராவது ரவுண்டில் ஜோஷுவாவின் அப்பர்கட், கீழிருந்து மேலே ஏறும் குத்து, வந்து சண்டை முடிந்தது. பத்து ரவுண்டு வரையிலான கணக்கில் ஒரு நடுவர் கிளிச்கோவைத்தான் முன்னால் வைத்திருந்தார். அதே வருஷம் ஆகஸ்ட்டில் கிளிச்கோ ஓய்வு பெற்றார்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு மாதச் சந்தாவுக்கு அதுவே போதும். ரிங்கில் நிற்க ஆரம்பித்திருக்கும் பையன்களுக்கு முதலில் வெம்ப்ளி, அப்புறம் டுசல்டார்ஃப். வயதான பாக்ஸர்களுக்கு நேர்மாறாக.

செயலிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: 1994-இல் 45 வயது ஜார்ஜ் ஃபோர்மன் ஒன்பது ரவுண்டு பின்தங்கியிருந்து, பத்தாவதில் மைக்கேல் மூரரைப் படுக்க வைத்த சண்டையின் முழுப் பதிவையும் சேருங்கள். அவரும் குறைவாகவே நகர்ந்தார், அடிக்கு மேல் அடி வாங்கினார். ஆனாலும் கை நிற்கவில்லை. கிளிச்கோவுக்குப் பக்கத்தில் வைத்து அதையும் பையன்களுக்குக் காட்ட வேண்டும்.