காரணம் தெரியாத விந்தணுக் குறைபாடு: கேரியோடைப்பா, ஒய் நுண்நீக்கச் சோதனையா, எக்ஸோமா?

ஹார்மோன் அளவுகள், ஸ்கேன், வெரிகோசீல் (விரைப்பைச் சிரை வீக்கம்) என வழக்கமான ஆய்வுகள் எல்லாம் முடிந்தும் விந்தணு இல்லாமைக்குக் காரணம் புலப்படாதபோது, எங்கள் முன் மூன்று மரபியல் சோதனைகள் வைக்கப்பட்டன. குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பார்க்கும் கேரியோடைப்பையும், ஒய் குரோமோசோம் நுண்நீக்கச் சோதனையையும் செய்துகொண்டு, மரபணுக்களின் புரதம் உருவாக்கும் பகுதிகளை மொத்தமாகப் படிக்கும் எக்ஸோமைத் தள்ளிவைத்தோம். அதுவே சரியான வரிசை என்று இன்றும் கருதுகிறேன்.

கேரியோடைப்பைப் பற்றி அதிகம் விவாதிக்க வேண்டியதில்லை. கூடுதல் எக்ஸ் குரோமோசோம் கொண்ட கிளைன்ஃபெல்ட்டர் நிலையையும், மீண்டும் மீண்டும் கருச்சிதைவுக்கு இட்டுச்செல்லக்கூடிய குரோமோசோம் இடமாற்றங்களையும் அது காட்டிவிடும்; மிகச் சிறிய இழப்புகள் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும்.

அந்தச் சிறிய இழப்புகளைப் பி.சி.ஆர். முறையில் தேடுவதுதான் ஒய் நுண்நீக்கச் சோதனை. என் சாய்வு வெளிப்படையாக இதன் பக்கமே. ஒரு மரபியல் சோதனையை மதிப்பிடும்போது, அது எத்தனை மரபணுக்களைப் படிக்கிறது என்பதைவிட, அதன் முடிவு நம் அடுத்த முடிவை மாற்றுமா என்பதையே முதலில் கேட்க வேண்டும். ஒய் குரோமோசோமின் நீண்ட கரத்தில் விந்தணு உற்பத்திக்குத் தேவையான ஒரு பகுதி உண்டு என்பது 1976-இலேயே முன்வைக்கப்பட்டது. அது இன்று ஏ.இசட்.எஃப். (விந்தணுவின்மைக் காரணிப் பகுதி) ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கப்படுகிறது. ஏ அல்லது பி முழுமையாக நீங்கியிருந்தால், விரையைத் திறந்து நுண்ணோக்கியின் துணையுடன் விந்தணு தேடும் மைக்ரோ டெஸே அறுவையில் எதுவும் கிடைக்க வாய்ப்பு அநேகமாக இல்லை. எனவே அந்த வலியையும் செலவையும் தவிர்த்துவிடலாம். சி மட்டும் நீங்கியிருந்தால், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு விந்தணு கிடைக்கிறது. ஆனால் அதைக் கொண்டு, ஒரு விந்தணுவை நேரடியாகக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறையில் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் அந்த நீக்கம் கடந்து செல்லும், மகள்களுக்குச் செல்லாது. அறுவைக்கு உட்படுவதா, தந்தையின் குறைபாடு மகனுக்குத் தொடர்வதை ஏற்பதா என்ற இரண்டு கடினமான கேள்விகளுக்கும் ஒரே ரத்த மாதிரி வெளிச்சம் தருகிறது. இத்தகைய பயனை வேறெந்தச் சோதனையிலும் நான் காணவில்லை.

எக்ஸோமின் கவர்ச்சி எனக்கும் புரிகிறது. விந்தணு உருவாக்கம், குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் குன்றற்பிரிவு நிலையிலேயே நின்றுவிடுவதோடு தொடர்புடைய டெக்ஸ்11, எல்லா விந்தணுக்களும் உருண்டைத் தலையுடன் காணப்படும் நிலையோடு தொடர்புடைய டிபிஒய்19எல்2 போன்ற மரபணுக்களின் மாற்றங்களை அது கண்டுபிடிக்கலாம். ஆயினும் "முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்" என்று அறிக்கை வந்தால், அதை வைத்துத் தம்பதியர் எந்த முடிவும் எடுக்க முடியாது. பதில் கிடைத்ததுபோன்ற தோற்றத்துடன் கவலை மட்டும் கூடும். ஒய் குரோமோசோமின் அந்தப் பகுதிகளில் ஒரே டி.என்.ஏ. வரிசை பலமுறை திரும்ப வருவதால், எக்ஸோம் நுண்நீக்கச் சோதனைக்கு மாற்றாகவும் ஆகாது. நாங்கள் எக்ஸோம் செய்துகொள்ளாததால், இவ்வளவும் படித்தும் மரபியல் ஆலோசகரிடம் கேட்டும் அறிந்தவை மட்டுமே.

விந்து நாளங்களே பிறவியில் இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனை வரிசை பொருந்தாது. அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயோடு தொடர்புடைய சி.எஃப்.டி.ஆர். மரபணுவை; அதில் மாற்றம் இருந்தால் மனைவிக்கும் அதே சோதனை அவசியம்.

முதல் இரண்டு சோதனைகளும் இயல்பாக இருந்து, திசு ஆய்வு விந்தணு முதிர்ச்சி பாதியில் நிற்பதைக் காட்டினால், இரண்டாவது அறுவைக்கு நாள் குறிக்கும் முன் எக்ஸோமைப் பற்றி மருத்துவரிடம் கேட்பதில் நியாயம் உண்டு.