ஃபேக்டோரியோ ஹெட்லெஸ் சர்வர்: 14 மாதம் ஓட்டிய பிறகு

கோவையில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். பகலில் ரிங் ஃபிரேம், கார்டிங் மெஷின். இரவு பத்து மணிக்கு மேல் இன்னொரு ஃபேக்டரி. பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த நாலு பேர் இப்போது நாலு ஊரில் இருக்கிறோம். ஒருவன் ஓசூரில், ஒருவன் அம்பத்தூரில், ஒருவன் சார்ஜாவில், நான் பீளமேட்டில். நாங்கள் தினமும் சந்திக்கிற இடம் என் ஃபேக்டோரியோ சர்வர்தான்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு: ஓர் அந்நியக் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொள்கிறீர்கள். கையால் இரும்புத்தாது வெட்டுவதில் தொடங்கி, பெல்ட், பொருளை எடுத்து வைக்கும் இன்சர்ட்டர் கை, ரயில் என்று வளர்த்து, கடைசியில் ராக்கெட் விட வேண்டும். செக் நாட்டின் பிராக் நகரத்தில் இருக்கும் வூப் சாஃப்ட்வேர் எழுதியது. 2020 ஆகஸ்டில் 1.0 வந்தது, 2024 அக்டோபரில் 2.0-வும் ஸ்பேஸ் ஏஜ் விரிவாக்கமும் வந்தன. விளையாட்டுக்குத் தள்ளுபடியே தர மாட்டார்கள். ஆனால் நான் இங்கே மதிப்பிடப்போகும் ஹெட்லெஸ் சர்வர், அதாவது திரையில் படம் காட்டாமல் உலகத்தை மட்டும் ஓட்டும் நிரல், இலவசம். கணக்குகூட இல்லாமல் அவர்கள் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.

இதற்கு முன் வேறொரு விளையாட்டுக்கு மோட் சர்வர் வைத்திருந்தேன். மோட் என்றால் விளையாட்டை மாற்றவோ கூட்டவோ ரசிகர்கள் எழுதும் துணைநிரல். அதில் சில மோட்கள் விளையாடுபவர் கணினியில் மட்டும் இருக்க வேண்டும், சில சர்வரில் மட்டும், சில இரண்டிலும். தவறான ஒன்று சர்வர் பக்கம் போய்விட்டால் சர்வர் எழும்பாது. எனக்கு அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியும். சார்ஜாக்காரனுக்குத் தெரியாது, அவன் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் அவனுக்கு லீவு. அந்த இரவில் பாதி, "எந்த ஃபைலை எந்த ஃபோல்டரில் போடணும்" என்ற வீடியோ காலிலேயே போய்விடும்.

ஃபேக்டோரியோவில் முதல் நாள் அவனுக்கு ஐபி முகவரியை மட்டும் அனுப்பினேன். எங்கள் உலகத்தில் கிரஸ்டோரியோ 2, ஸ்பேஸ் எக்ஸ்ப்ளொரேஷன், அவை கேட்கும் துணை மோட்கள், ரேட் கால்குலேட்டர், ஸ்குவீக் த்ரூ என்று நாற்பதுக்கு மேல் இருந்தன. சிறிது நேரத்தில் வாய்ஸில் வந்தான். "மாப்ள, மோட் சரியில்லைன்னு சொல்லுச்சு, கீழ சிங்க்னு ஒரு பட்டன் இருந்துச்சு. அழுத்தினேன். அதுவே எல்லாத்தையும் எறக்கி, அதுவே ரீஸ்டார்ட் ஆகி, இப்ப உள்ள நிக்கிறேன்" என்றான். மோட்களின் ஸ்டார்ட்டப் அமைப்புகளைக்கூட சர்வரில் இருப்பதுபோல மாற்றிக்கொள்கிறது. அந்த ஒரு பட்டனுக்காகவே இந்த சர்வரை யாருக்கும் சொல்வேன்.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் சிரமமும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது. இங்கே சர்வர் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிட்டு முடிவை மட்டும் நமக்கு அனுப்புவதில்லை. ஒவ்வொருவர் கணினியிலும் முழு ஃபேக்டரியும் ஓடுகிறது. யார் எதை அழுத்தினார்கள் என்பது மட்டும்தான் வலையில் போகிறது. எல்லாரும் ஒரே கணக்கை ஒரே வரிசையில் போட வேண்டும் என்பதால், மோட்கள் எல்லாரிடமும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். 'எனக்கு மட்டும்' என்று ஒரு மோட் இங்கே கிடையாது. இதனால் ஆயிரக்கணக்கான இன்சர்ட்டர்கள் ஓடும்போதும் இணையச் செலவு மிகக் குறைவு. சார்ஜாவிலிருந்து வருபவனுக்கும் இழுவை தெரிவதில்லை.

மறுபக்கம், சர்வர் எவ்வளவு பலமாக இருந்தாலும் சேருபவரின் கணினி பலவீனமாக இருந்தால் பயனில்லை. உள்ளே வரும்போது முதலில் மேப் முழுவதும் இறங்கும். அது இறங்குவதற்குள் விளையாட்டு நகர்ந்திருக்கும். அந்த இடைவெளியை அவர் கணினி வேகமாக ஓடிப் பிடிக்க வேண்டும். நொடிக்கு 60 அப்டேட் என்பது இந்த விளையாட்டின் துடிப்பு. யூபிஎஸ் என்பார்கள், கரண்ட் போனால் ஓடும் யூபிஎஸ் இல்லை. அந்த 60-ஐயே எட்ட முடியாத கணினி எப்போதும் பின்தங்கியே இருக்கும், கடைசியில் இணைப்பு அறுந்துவிடும். அம்பத்தூர்க்காரனின் பழைய 8 ஜிபி லேப்டாப்பில் இதுதான் நடந்தது. மூன்று வாரம் சர்வரில்தான் கோளாறு என்று தேடினோம்.

அமைப்பது எப்படி? லினக்ஸ் மெஷின் வேண்டும், இன்டெல் அல்லது ஏஎம்டி சிப்போடு. ஆர்ம் சிப் உள்ள கிளவுட் மெஷின்களில் இது நேராக ஓடாது, ஆகவே அங்கே மலிவாகவோ இலவசமாகவோ கிடைக்கிறதே என்று போகாதீர்கள். நான் என் கணினியிலேயே எல்லா மோட்களையும் போட்டு, புது உலகத்தை உருவாக்கி, சேவ் ஃபைலையும் மோட் ஃபோல்டரையும் அப்படியே சர்வருக்கு நகல் எடுத்தேன். அந்த ஃபோல்டருக்குள் மோட்-செட்டிங்ஸ் என்று ஒரு ஃபைல் இருக்கும். அது கட்டாயம் கூடப் போக வேண்டும். விட்டுவிட்டால் நீங்கள் பார்த்துப் பார்த்து மாற்றிய அமைப்புகள் எல்லாம் இயல்புநிலைக்குப் போய்விடும். அது நோட்பேடில் திறந்து திருத்தக்கூடிய ஃபைல் இல்லை என்பது இந்த சர்வரில் எனக்கிருக்கும் பெரிய குறை. மற்ற அமைப்புகள் எல்லாம் படித்தாலே புரிகிற எழுத்து ஃபைலாக இருக்கும்போது இது மட்டும் ஏன் இப்படி?

ஃபயர்வாலில் 34197 என்ற போர்ட்டைத் திறக்க வேண்டும். யூடிபி வகையில், டிசிபி வகையில் அல்ல. ஒரு மாலை முழுவதும் டிசிபியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் மெஷின் விஷயம். முதலில் மும்பையில் ஒரு மலிவு விபிஎஸ் எடுத்தேன், அதாவது ஒரே பெரிய மெஷினைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வாடகை சர்வர். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பகலில் நன்றாக ஓடும். இரவு ஒன்பது மணிக்கு மேல் யூபிஎஸ் 45-க்கு இறங்கும், பெல்ட்கள் நீந்துவது போல் நகரும். சிபியு பயன்பாட்டைக் காட்டும் 'டாப்' கட்டளையில் எஸ்டி என்ற எண்ணைப் பார்த்தபோதுதான் புரிந்தது. என் பங்கு சிபியுவைப் பக்கத்து வாடகைக்காரர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஃபேக்டோரியோவின் வேலையில் பெரும்பகுதி ஒரே கோரில் நடக்கிறது. எட்டு கோர் என்று விளம்பரம் செய்வதில் நமக்கு ஒன்றுமில்லை. ஒரு கோர் வேகமாகவும், நமக்கே நமக்கென்றும் இருக்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு பழைய மினி பிசியில் வைத்துப் பார்த்தேன். சிபியு அருமையாக ஓடியது. ஆனால் என் வீட்டு இணைப்பில் பொது ஐபி கிடையாது. நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சேர்த்து ஒரே ஐபி. வெளியிலிருந்து வருபவருக்குக் கதவே தெரியாது. மாதம் கூடுதலாகக் கட்டி ஸ்டாட்டிக் ஐபி வாங்கிய பிறகு, அடுத்த தடை அப்லோட் வேகம். எங்கள் மேப் அப்போது 180 எம்பி. ஒருவன் உள்ளே வருவதற்குள் இன்னொருவன் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்துவிடுவான். கடைசியில் தனி கோர் உத்தரவாதம் தரும் ஒரு விபிஎஸ்ஸுக்கு மாறினேன். 8 ஜிபி மெமரி, மாதம் சுமார் 1,200 ரூபாய், ஆளுக்கு முந்நூறு. அதிலிருந்து ஒரு நாளும் 60-க்குக் கீழே போகவில்லை.

சர்வர்-செட்டிங்ஸ் ஃபைலில் இரண்டை மட்டும் கவனியுங்கள். யாரும் இல்லாதபோது விளையாட்டு தானாக நிற்கும் ஆட்டோ பாஸ் இயல்பாகவே இயங்குகிறது, அப்படியே விடுங்கள். நாம் மில்லில் இருக்கும்போது பைட்டர் பூச்சிகள் வந்து சுவரைத் தின்னாது. இன்னொன்று ஆட்டோசேவ். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேவ் ஆகும், பெரிய மேப்பில் அந்தச் சில நொடிகள் எல்லாரும் உறைந்து நிற்பார்கள். ரயிலைக் கடந்து ஓடும்போது உறைந்தால் எப்படி இருக்கும் என்று விளையாடியவர்களுக்குத் தெரியும். நான்-பிளாக்கிங் சேவ் என்ற வசதியை இயக்கினால் லினக்ஸில் அது பின்னணியில் நடந்துவிடுகிறது. மெமரி கொஞ்சம் கூடுதலாக வேண்டும், அதற்காகத்தான் 8 ஜிபி.

ஒரு இழப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆறாவது மாதம், பெரிய கிடங்குகள் தரும் ஒரு மோட் தேவையில்லை என்று நினைத்து எடுத்துவிட்டு சர்வரை ஏற்றினேன். ஒரு மோட்டை எடுத்தால் அதைச் சேர்ந்த பொருள்கள் எல்லாம் மேப்பிலிருந்து மறைந்துவிடும், உள்ளே வைத்திருந்ததும் சேர்த்து. ஓசூர்க்காரன் பத்து நாளாக ராக்கெட்டுக்குச் சேர்த்து வைத்த பாகங்கள் எல்லாம் இரண்டு கிடங்கில் இருந்தன. அவன் எதுவும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆட்டோசேவ் ஐந்துதான் சுழற்சியில் இருக்கும். நான் விஷயம் தெரிந்து பார்ப்பதற்குள் நல்ல சேவ் எல்லாம் அழிந்து புதியது ஏறிவிட்டது. அதிர்ஷ்டவசமாக முந்தின இரவு என் கணினிக்கு ஒரு நகல் எடுத்திருந்தேன். அன்றிலிருந்து தினமும் அதிகாலை நாலு மணிக்கு சேவ் ஃபைல் தானாக வேறு இடத்துக்கு நகலாகிறது, மோட்டைத் தொடுவதற்கு முன் நால்வரிடமும் கேட்கிறேன்.

நாங்கள் இன்னும் 2.0-வுக்கு முந்தைய 1.1 வரிசையில்தான் இருக்கிறோம். விளையாட்டு வாங்கும் தளமான ஸ்டீமில் பீட்டா பட்டியலில் போய் 1.1.110-ஐத் தேர்ந்தெடுத்தால் அதுவாக மேலே ஏறாது. சர்வரும் விளையாடுபவரும் ஒரே பதிப்பில் இருந்தாக வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் உலகத்துக்கு இதுதான் பாதுகாப்பு.

பழைய லேப்டாப்பால் எங்கள் உலகத்துக்குள் நிற்க முடியாத அம்பத்தூர்க்காரன் புது கணினி வாங்கும் வரை அவனுக்காக அதே விபிஎஸ்ஸில் 2.0-வில் இரண்டாவது சர்வர் ஒன்று போட்டிருக்கிறேன், வேறு போர்ட்டில். ஸ்பேஸ் ஏஜ் எங்களில் யாரும் வாங்கவில்லை. ஹெட்லெஸ் பதிப்போடு அந்த விரிவாக்கமும் சேர்ந்தே வருகிறது. மோட்-லிஸ்ட் ஃபைலில் அதன் மோட்களான ஸ்பேஸ் ஏஜ், குவாலிட்டி, எலிவேட்டட் ரெயில்ஸ் மூன்றையும் அணைத்த பிறகுதான் அவனால் உள்ளே வர முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு பேரும் அங்கே, மற்ற நாள்களில் மூன்று பேர் ஸ்பேஸ் எக்ஸ்ப்ளொரேஷனில். போன வாரம் மெயின் பெல்ட் மேலேயே ஒரு விண்கல் விழுந்தது. நான் நைட் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் ஓசூர்க்காரன் பெல்ட்டைச் சரிசெய்து, விண்கல் தடுப்பு பீரங்கியும் நட்டு வைத்திருந்தான்.