ரப்பர் கடைச் செயலி: இரண்டடுக்கா, மூன்றடுக்கா?

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வாங்கும் கடைக்கு ஒரு இணையச் செயலி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 100 கிலோ பால், டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பரின் பங்கு) 35 சதவீதம் என்றால் உலர் ரப்பர் 35 கிலோ; அதை அன்றைய விலையால் பெருக்க வேண்டும். இந்தக் கணக்கு எங்கே நடக்க வேண்டும் என்பதுதான் கேள்வியே.

இரண்டடுக்கில் உலாவியில் ஓடும் நிரல், கூகுளின் ஃபயர்பேஸ் போன்ற, தரவைச் சேமித்து வைக்கும் இணையத் தரவுத்தளத்தோடு நேரடியாகப் பேசும். கணக்கும் உலாவியிலேயே. சீக்கிரம் எழுதி முடிக்கலாம். ஒரே கடை, ஒரே கணினி என்றால் தாராளமாகப் போதும்.

மூன்றடுக்கில் நடுவே ஒரு சர்வர் உட்காரும். உலாவி எடையையும் டி.ஆர்.சி.யையும் மட்டும் அனுப்பும். விலையை சர்வரே எடுத்துத் தொகை போடும். உலாவியில் ஓடும் நிரலை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். அங்கிருந்து வரும் தொகையை அப்படியே நம்பினால், பால் ஊற்றுகிறவரின் காசுதான் அடிபடும். ஃபயர்பேஸிலும் தப்பான தொகையைத் தடுக்கப் பாதுகாப்பு விதிகள் எழுதலாம்தான். ஆனால் கணக்கு சிக்கலாக ஆக அவற்றைப் படிப்பதே பெரும்பாடு. அப்புறம் மார்த்தாண்டத்திலும் அருமனையிலும் கிளை திறந்து, ஒட்டுப்பாலுக்கு (மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த ரப்பருக்கு) தனி விதி வந்தால், சர்வரில் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். பழைய பக்கத்தை மூடாமல் வைத்திருக்கும் கைபேசிக்கும் அதே கணக்குதான். தரவுத்தளத்தையும் இணையத்துக்கு நேராகத் திறந்துவிட வேண்டியதில்லை.

சர்வரைப் பராமரிக்கும் வேலை கூடும், உண்மைதான். இருந்தும் என் தேர்வு மூன்றடுக்குதான். தொடக்கத்தில் சர்வரும் தரவுத்தளமும் ஒரே கணினியில் இருக்கட்டும். நிரலில் மட்டும் பிரித்து எழுதிவிடுங்கள். பின்னால் தரவுத்தளத்தை வேறு கணினிக்கு மாற்றும்போது உலாவியில் ஓடும் நிரலைத் தொடவே வேண்டியிருக்காது.