கம்பி தள்ள மறுக்கும் வெல்டிங் மெஷினும் என் மார்க் 4 அம்பாசிடரும்

திருச்சி நண்பர் ஒருவர் பிரீமியர் பத்மினி வாங்கியிருக்கிறார். காலடித் தகடு முழுக்க ஓட்டை. "நீங்க வச்சிருக்கிற மிக் மெஷினையே நானும் வாங்கிரட்டுமா? இப்ப விலை வேற இறங்கியிருக்கு" என்று கேட்டார். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிக்க வேண்டிய கேள்வி. ஆனால் அவர் கேட்ட அன்று காலையில்தான் அதன் கம்பி மறுபடியும் சிக்கியிருந்தது. கோபம் ஆறட்டும் என்று விட்டுவிட்டு இப்போது எழுதுகிறேன். முழுக்க ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

மெஷின் பெயர் வேண்டாம். வீட்டுக் கரண்டில், 16 ஆம்பியர் பிளக்கில் ஓடுகிற சின்ன இன்வெர்ட்டர் மிக். மிக் என்றால் ட்ரிக்கரை அழுத்த அழுத்தக் கம்பி தானாக வெளியே வந்து உருகி ஒட்டுகிற கரண்ட் வெல்டிங். கேஸ் வைத்தும் ஓட்டலாம், கேஸ் இல்லாமல் ஃப்ளக்ஸ் கம்பி, அதாவது உள்ளே பொடி அடைத்த கம்பி போட்டும் ஓட்டலாம். ஒரு கிலோ கம்பிச் சுருள் உள்ளே உட்காரும். இந்த ரகத்தில் கடையில் அடுக்கி வைத்திருப்பதில் பாதி, மூடியைத் திறந்து பார்த்தால் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் போலத்தான் தெரிகிறது.

வாங்கியதற்குக் காரணம் என் அம்பாசிடர். எண்பதுகளில் வந்த மார்க் 4. ஊர் தூத்துக்குடி, உப்புக்காற்று. அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3-இன் உடம்பு அது. தரைத்தகடு, கதவுக்கு அடியில் ஓடும் சில், தூண்கள் எல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. அதனால் சில் துருப்பிடித்தால் அதை வெறும் அழகுக் குறை என்று தள்ளிவிட முடியாது. முன்பு ஒரு பட்டறையில் விட்டபோது சில் ஓட்டைக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மேலே பட்டி பார்த்து, பெயின்ட் அடித்து அனுப்பிவிட்டார்கள். நான் கிரைண்டர் வைத்தபோது பட்டி பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே இருந்த தாளில் பழைய தேர்தல் செய்தியை உட்கார்ந்து படிக்க முடிந்தது. அன்றைக்கு எடுத்த முடிவுதான் இந்த மெஷின்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மனசு வராது. கார் தகடு பெரும்பாலும் 20 கேஜ், அதாவது 0.9 மில்லிமீட்டர் சுமார். துருவைச் சுரண்டிய பிறகு அதிலும் பாதிதான் மிஞ்சும். கேட் செய்கிறவர்கள் வைத்திருக்கிற சாதாரண ராடு வெல்டிங்கை அதில் வைத்தால் ஒட்டுவதற்கு முன் பொத்துவிடும். இந்த மெஷினில் 0.8 மில்லி கம்பியைப் போட்டு, வோல்ட்டேஜையும் கம்பி வேகத்தையும் கீழே இறக்கி, ட்ரிக்கரைத் தொட்டுத் தொட்டு விட்டால் புள்ளி புள்ளியாக வைக்கலாம். கை பழகிய பிறகு என்னாலேயே முடிகிறது. மே மாதச் சாயங்காலத்தில் தெருவே ஏசி போட்டு வோல்ட்டேஜ் தொங்கும்போதும் ஆர்க் (கம்பி முனைக்கும் தகட்டுக்கும் நடுவில் எரியும் மின்பொறி) அணைவதில்லை. சூடாகி நின்றதும் இல்லை. இந்த விலைக்கு இது பெரிய விஷயம். மறுக்க மாட்டேன்.

கேஸா, கேஸ் இல்லாமலா என்பதை எங்கள் ஊரில் காற்றுதான் முடிவு செய்யும். ஆனி, ஆடியில் இங்கே அடிக்கிற காற்றுக்குத் திறந்த ஷெட்டில் கேஸ் நிற்காது. ஆர்க்கைச் சுற்றிப் போர்வையாக நிற்க வேண்டிய கேஸைக் காற்று இழுத்துப் போய்விடும். வெல்டு முழுக்க ஊசித்துளை விழும். ஃப்ளக்ஸ் கம்பிக்கு அந்தப் பாடு இல்லை. ஆனால் புகை அதிகம், பொறி தெறிக்கும், ஒவ்வொரு புள்ளிக்கும் மேல் கசடு உட்காரும், மெல்லிய தகட்டுக்குச் சூடும் கூடுதல். தார்ப்பாய் கட்டி மறைத்து, கேஸ் வைத்துச் செய்வதுதான் சுத்தமான வேலை. நான் ஆடி முடிந்தால் கேஸ், ஆடியில் ஃப்ளக்ஸ்.

இன்னொன்று, இதைப் படிக்காமல் வாங்குகிறவர்கள் நிறைய. கேஸ் வைக்கும்போது டார்ச் (கம்பி வெளியே வரும் கைப்பிடி) பாசிட்டிவ், எர்த் (வண்டித் தகட்டில் கவ்வுகிற கிளிப்) நெகட்டிவ். ஃப்ளக்ஸ் கம்பிக்கு அப்படியே தலைகீழ், டார்ச் நெகட்டிவ். மெஷினுக்குள் ஒரு சின்ன இணைப்பை மாற்றிப் போட வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் பொறி மத்தாப்பாகப் பறக்கும், வெல்டு மேலோடு நிற்கும். "மெஷின் சரியில்லை" என்று கேட்கிற புகார்களில் பல இதில் முடிந்துவிடும்.

என் புகார் அதில் முடியவில்லை.

கம்பியைத் தள்ளுவதற்கு உள்ளே ஒரு சின்ன மோட்டார், ஒரு உருளை, அதன் மேல் அழுத்துகிற ஒரு கை, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. இவ்வளவுதான். இதைத் தாங்கும் சட்டம் மொத்தமும் பிளாஸ்டிக். திருகை இறுக்கினால் சட்டம் லேசாக முறுக்கிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத முறுக்கல்தான். ஆனால் உருளையின் பள்ளமும் டார்ச் கேபிளின் வாயும் நேர்கோட்டில் இல்லாமல் போய்விடுகின்றன. கம்பி வாய்க்குள் போகாமல் பக்கத்தில் பிதுங்குகிறது. ட்ரிக்கரை விட்டுத் தொப்பியைத் தூக்கி மூடியைத் திறந்து பார்த்தால், தூக்கணாங்குருவி கட்டியது மாதிரி ஒரு கூடு. சரி, திருகைத் தளர்த்தினால்? உருளை வழுக்கும், கம்பி விட்டு விட்டு வரும். இறுக்கினால் கூடு, தளர்த்தினால் விக்கல். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அது காலையில் ஒரு இடத்திலும் மத்தியானம் ஒரு இடத்திலும் இருக்கிறது, வெயிலில் பிளாஸ்டிக் இளகுவதாலோ என்னவோ.

கம்பி சிக்கினால் நேரம் மட்டும் போனால் பரவாயில்லை. தகட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி உருகி நிற்கிற நொடியில் கம்பி நின்றால், ஆர்க் பின்னால் ஏறி, கம்பி முனையையே அது வெளியே வருகிற காப்பர் டிப்போடு ஒட்டிவிடும். கீழே தகட்டில் ஒரு பொத்தல். இனி டிப்பைக் கழற்ற வேண்டும், கம்பியை வெட்டிப் புதிதாகக் கோக்க வேண்டும், பொத்தலுக்குப் பின்னால் ஒரு செம்புப் பட்டையைப் பிடித்து அடைக்க வேண்டும். செம்பில் வெல்டு ஒட்டாது, சூட்டையும் இழுத்துக்கொள்ளும், அதனால் பொத்தல் மூடும். இதையெல்லாம் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

செய்யாத வைத்தியம் இல்லை. ஃப்ளக்ஸ் கம்பி உள்ளே பொடி நிறைந்த குழாய் மாதிரிதான் இருக்கும், இறுக்கினால் நசுங்கும். அதற்குப் பல் வெட்டிய உருளை, கேஸ் கம்பிக்கு வி பள்ளம் உள்ள உருளை என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன். சுருள் தானாகச் சுழலாதபடி அதன் பிரேக்கைச் சரிசெய்தேன். டார்ச் கேபிளை மடங்காமல் நீட்டிப் போடுகிறேன். உப்புக்காற்றில் கம்பியிலேயே துரு பூக்கும். அதனால் வேலை முடிந்ததும் சுருளைக் கழற்றி சிலிகா பையோடு டப்பாவில் அடைக்கிறேன். இவ்வளவும் குறைக்கிறதே ஒழிய நிறுத்தவில்லை. சர்வீஸுக்குக் கொடுத்தேன். அதே பிளாஸ்டிக் சட்டத்தைப் புதிதாக மாற்றி, காசும் வாங்கிக்கொண்டு, "இந்த ரேட்டுக்கு இது இப்படித்தான் சார்" என்றார்கள். உண்மையைச் சொன்னார்களே என்பது ஒரு ஆறுதல். புதுச் சட்டம் கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்தது.

என் தெருமுனையில் வயதான டிங்கர் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். கேஸ் வெல்டிங் கை, அதாவது கேஸை எரித்து அந்தச் சுடரில் உருக்கி ஒட்டுகிறவர்; என் மிக்குக்கு வைக்கிற கேஸ் வேறு. எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, கம்பி மறுபடியும் சண்டை போடுதா?" என்பார். அவர் சொன்ன ஒன்று மட்டும் எந்த மெஷின் வாங்கினாலும் மாறாது: "இதுல வச்சது சுத்தியலுக்கு மசியாது தம்பி. கேஸ்ல வச்சா தட்டித் தட்டி நேராக்கலாம்." மிக் வெல்டு இறுகிக் கெட்டியாக நிற்கும். மேலே நின்றதைக் கிரைண்டரால் சீவலாம், தட்டி நீட்டுவது கஷ்டம். ஆனால் கேஸ் சூடு தகட்டில் அகலமாகப் பரவும், அவர் கை இல்லாதவன் வைத்தால் பேனல் அலை அலையாக நெளியும். அதனால் எனக்கு மிக்தான். அதுவும் ஒரே இழுப்பில் கோடு போடக் கூடாது. இங்கே ஒரு புள்ளி, ஒரு ஜாண் தள்ளி ஒரு புள்ளி, கை வைக்கிற அளவுக்கு ஆறிய பிறகு நடுவில் ஒன்று என்று நிரப்பிக்கொண்டே வர வேண்டும்.

சில்லை வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலில் குறுக்கே ஒரு இரும்புக் குழாயை வெல்டு வைத்துத் தாங்கு கொடுங்கள். பத்மினிக்கும் இது பொருந்தும், அதற்கும் தனி சேஸிஸ் கிடையாது. தாங்கு இல்லாமல் சில்லை அறுத்தால் நடுவில் லேசாகத் தொய்யும். அப்படியே புதுத் தகட்டை வைத்துவிட்டால் பிறகு கதவு ஜென்மத்துக்கும் சாத்தாது. கதவு இடைவெளியை மேலேயும் கீழேயும் அளந்து சுவரில் எழுதி வையுங்கள். பெட்ரோல் டேங்கைக் கழற்றி ஷெட்டுக்கு வெளியே, வெகு தூரத்தில் வையுங்கள். தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டைச் சுரண்டாமல் வெல்டு வைத்தால் நீங்கள் கீழே இருக்கும்போது மேலே எரியும். கிரைண்டர் பொறி கண்ணாடியில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும், துடைத்தால் போகாது. சாக்கு போட்டு மூடுங்கள்.

இந்த மொத்தக் கதையிலும் ஒருநாளும் என்னைக் கோபப்படுத்தாத சாமான் ஒன்று உண்டு. அண்ணாச்சி கொடுத்த டாலி. தண்டவாளத் துண்டை அறுத்து, ஒரு முகத்தை வளைவாகவும் ஒரு முகத்தைத் தட்டையாகவும் தேய்த்தது. உள்ளங்கையில் அடங்கும், நல்ல கனம். சொட்டைக்குப் பின்னால் அதை அழுத்திப் பிடித்து, முன்னால் சுத்தியலால் தட்ட வேண்டும். சுத்தியல் நேராக டாலியின் மேல் விழுந்தால் 'டிங்' என்று கணீரென்று கேட்கும். அந்த அடி தகட்டை நசுக்கி நீட்டும். டாலிக்குப் பக்கத்தில் மேடான இடத்தில் விழுந்தால் 'டொக்'. அந்த அடி மேட்டை இறக்கும், கையில் இருக்கிற டாலி பள்ளத்தை மேலே தள்ளும். சொட்டை எடுப்பதில் பெரும்பகுதி 'டொக்'தான். ஆர்வக் கோளாறில் 'டிங்' அடித்துக்கொண்டே போனால் தகடு நீண்டு, அமுக்கினால் உள்ளே போய் விட்டால் வெளியே வரும் தகர டப்பாவாகிவிடும். அப்படி ஆன இடத்தில் ஒரு காசு அகலத்துக்குச் சிவக்கச் சூடு காட்டி, சுற்றிலும் தட்டி, ஈரத்துணியை வைத்தால் சுருங்கும். பின் மட்கார்டில் மாடு முட்டிய சொட்டை ஒன்றை இப்படித்தான் எடுத்தேன். துணிக் கையுறை போட்டுத் தடவினால் எங்கே மேடு எங்கே பள்ளம் என்று வெறும் கையைவிட நன்றாகத் தெரியும். பிளக் வேண்டாம், கம்பி வேண்டாம், சர்வீஸ் சென்டர் வேண்டாம்.

பட்டி பற்றிச் சுருக்கமாக. 2, 3 மில்லிக்கு மேல் தேவைப்பட்டால் தட்டுகிற வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். நூறு கிராமுக்கு 2 கிராம் ஹார்ட்னர், எங்கள் வெயிலில் அதற்கும் கொஞ்சம் குறைவு. இல்லாவிட்டால் பூசுவதற்குள் பலகையிலேயே கெட்டியாகிவிடும். பட்டி தண்ணீர் உறிஞ்சும், அதனால் உலர் தாளில்தான் தேய்க்க வேண்டும். ஈரத்தேய்ப்பு பிரைமருக்குப் பிறகு. தேய்ப்பதற்கு முன் கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து லேசாகத் தூவிவிட்டு, கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்தால் பள்ளங்களில் கறுப்பு மிஞ்சி நின்று காட்டிக்கொடுக்கும். சில்லுக்குள்ளே பிரைமர் எட்டாத இடத்துக்கு மெழுகு ஸ்ப்ரே. அது இல்லாமல் இவ்வளவு வேலையும் உப்புக்காற்றுக்குத் தீனி.

இப்போது கேள்விக்கு வருகிறேன். வலது பக்கச் சில், டிரைவர் காலடி, டிக்கித் தரையின் பாதி எல்லாம் இந்த மெஷினில் வைத்ததுதான். மேடு பள்ளமான ரோட்டில் ஓட்டிப் பார்த்தாயிற்று, ஒரு புள்ளி விடவில்லை. கதவு ஒரு விரலில் சாத்துகிறது. பட்டறையில் கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் கூலியில் மெஷின் விலை எப்போதோ கழிந்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் வாங்குங்கள் என்றுதான் எழுத வேண்டும்.

வாங்காதீர்கள். விலை இறங்கினாலும் வேண்டாம். இன்னும் நாலைந்தாயிரம் சேர்த்து, மூடியைத் திறந்து காட்டச் சொல்லி, கம்பி தள்ளும் சட்டம் அலுமினியத்தில் இருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் மூடியைத் திறக்க மாட்டேன் என்றால் அடுத்த கடை. அதுவரை ஒரு நல்ல டாலி தேடுங்கள், திருச்சியில் பொன்மலைப் பக்கம் விசாரித்தால் தண்டவாளத் துண்டு கிடைக்காமலா போகும்.

பழசை எனக்கே கொடுத்துவிடுங்கள் என்று அடுத்து கேட்பீர்கள், தெரியும். தர மாட்டேன். இடது பக்கச் சில் இன்னும் தொடவே இல்லை.